ஹோம் அலோன் 2: இப்போது மறுபடி பார்க்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன டிசம்பரில் அண்ணன் வீட்டில் அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் ‘ஹோம் அலோன்’ முதல் பாகமும் இரண்டாம் பாகமும் ஓடின. அண்ணன் மகளுக்கு 9 வயது. அவளுக்கு இரண்டுமே புதுசு. எனக்கும் அண்ணனுக்கும் பழசு, ஆனால் இரண்டும் தலைக்குள் ஒன்றாகக் குழைந்து கிடந்தன. செங்கல் எந்தப் படத்தில், இஸ்திரிப் பெட்டி எந்தப் படத்தில் என்று எங்களுக்குள்ளேயே சண்டை. அதன்பிறகு தெரிந்தவர்கள் கேட்டதையும், நாங்களே எங்களைக் கேட்டுக்கொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன். கதை முழுக்க வெளியே வந்துவிடும். 30 வருஷத்துக்குப் பிறகு அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இரண்டின் கதையும் மறந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முதல் பாகம் 1990 நவம்பரில் வந்தது. சிகாகோவை ஒட்டிய வின்னெட்காவில் மெக்காலிஸ்டர் குடும்பம். பெரியவர்கள் 4 பேர், பிள்ளைகள் 11 பேர் என்று கிறிஸ்துமஸுக்குப் பாரிஸ் கிளம்புகிறார்கள். முந்தின இரவு பீட்சாவுக்காக பஸ் என்ற தன் அண்ணனோடு சண்டை போட்ட 8 வயது கெவினைப் பரணறையில் படுக்க அனுப்புகிறாள் அம்மா. “நீங்கள் எல்லோரும் காணாமல் போக வேண்டும்” என்று வேண்டிக்கொண்டு தூங்குகிறான். இரவில் காற்றடித்து மின்சாரம் போக, அலாரம் அடிக்காமல் போக, காலையில் அவசரத்தில் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஹேரி, மார்வ் என்ற இரண்டு திருடர்கள் அந்தத் தெருவில் பூட்டிய வீடுகளைக் குறி வைத்திருக்கிறார்கள். கெவின் தன் வீட்டைக் காக்கிறான்.

இரண்டாம் பாகம் 1992 நவம்பர். இந்தமுறை எல்லோரும் மியாமி போகிறார்கள். சிகாகோ விமான நிலையத்தில் அப்பாவின் கோட் மாதிரியே கோட் போட்ட வேறு ஆளின் பின்னால் ஓடி, நியூயார்க் விமானத்தில் ஏறிவிடுகிறான் கெவின். கையில் அப்பாவின் பை, அதில் பணமும் கிரெடிட் கார்டும். பிளாசா ஹோட்டலில் அறை எடுக்கிறான். சிறையிலிருந்து தப்பிய அதே இரண்டு திருடர்களும் அதே ஊருக்கு வந்து சேர்கிறார்கள். ஒரு பொம்மைக் கடையில், குழந்தைகள் மருத்துவமனைக்காகச் சேர்ந்த பணத்தைத் திருடத் திட்டம் போடுகிறார்கள்.

இரண்டையும் எழுதியவர் ஜான் ஹியூஸ், இயக்கியவர் கிறிஸ் கொலம்பஸ். ஒளிப்பதிவு ஜூலியோ மகாட், படத்தொகுப்பு ராஜா காஸ்னெல், இசை ஜான் வில்லியம்ஸ். கெவினாக மெக்காலே கல்கின், ஹேரியாக ஜோ பெஷி, மார்வாக டேனியல் ஸ்டெர்ன், அம்மாவாக கேத்தரின் ஓஹாரா என்று நடிகர்களும் அப்படியே.

இரண்டாம் பாகம் முதல் பாகத்தின் ஜெராக்ஸ்தானே?

ஏறக்குறைய ஆமாம். அரைத்த மாவையே அரைத்திருக்கிறார்கள், அதுவும் வெட்கமே இல்லாமல். முதலில் சமையலறைச் சண்டை, இதில் பள்ளிக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிச் சண்டை. இரண்டுக்கும் காரணம் பஸ், இரண்டிலும் தண்டனை கெவினுக்கு. இரண்டிலும் பரணறை. முதலில் மின்வெட்டால் கடிகாரம் கெடுகிறது. இதில் அப்பா கேமராவுக்குச் சார்ஜ் போடக் கடிகாரத்தின் பிளக்கைப் பிடுங்குகிறார். முதலில் விமானத்துக்குள் அம்மா திடுக்கிட்டுக் “கெவின்!” என்று அலறுகிறாள். இதில் மியாமியில் பெட்டிகளைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுக்கும்போது அவன் பெட்டிக்கு ஆள் இல்லை. அதே அலறல், கூடுதலாக ஒரு மயக்கம்.

முதலில் பாரிஸ் வீட்டில் பழைய கிறிஸ்துமஸ் படம் ஒன்று பிரெஞ்சில் ஓடும், இதில் மியாமி அறையில் அதே படம் ஸ்பானிஷில். முதலில் பார்க்கப் பயமாக இருக்கும் பக்கத்து வீட்டுக் கிழவர் கடைசியில் காப்பாற்றுவார். இதில் புறாக்களோடு திரியும் பெண்மணி. பழைய குண்டர் படம் ஒன்றைத் தொலைக்காட்சியில் போட்டு ஆட்களை மிரட்டும் தந்திரமும் உண்டு. அந்தக் குண்டர் படம் நிஜப் படமே இல்லை, இதற்காகவே எடுத்த துண்டு. அதற்கும் இரண்டாம் பாகம் எடுத்திருக்கிறார்கள்! கெவின் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் புதுக் கதையமைப்பு கிடைக்காது.

ஆனால் ஜெராக்ஸ் என்பதே குற்றம் இல்லை. அண்ணன் மகள் அடுத்தது என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். குழந்தைகளுக்குத் தெரிந்த கதையைத்தான் மறுபடி கேட்கப் பிடிக்கும். சிக்கல் வேறு இடத்தில்.

வேறு எந்த இடத்தில்?

பயத்தில். முதல் படத்தில் கெவின் பயந்தவன். இரண்டாவதில் அவனுக்குப் பயம் விட்டுப்போய்விட்டது.

முதல் படத்தைப் பொறுமையாகப் பாருங்கள். திருடர்களுக்கு முன்னாலேயே அவன் எத்தனைக்குப் பயப்படுகிறான் என்று எண்ணலாம். வீட்டுக்கு அடியில் இருக்கும் வெப்ப உலை அவன் கண்ணுக்கு வாய் திறந்து நெருப்பு கக்கும் பூதம். உப்பு வாளியோடு தெருவில் நடக்கும் பக்கத்து வீட்டு மார்லி கிழவர் குடும்பத்தையே கொன்றவர் என்று பஸ் கதை கட்டியிருக்கிறான். கடையில் பல் துலக்கும் பிரஷ் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டு, அது பல் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டதா என்று பொறுப்பாக விசாரிக்கிறான். அந்த நேரம் மார்லி உள்ளே வர, பயந்து பிரஷோடு ஓடிவிடுகிறான். போலீஸ்காரர் துரத்துகிறார். இனி அவன் தன்னைக் குற்றவாளி என்று நினைத்துக்கொள்கிறான். பின்னால் திருடர்கள் வரும்போது அவன் ஏன் உடனே போலீஸைக் கூப்பிடவில்லை என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை கிடையாது. எவ்வளவு சின்ன பிரஷ்!

மளிகை வாங்கிக்கொண்டு நடக்கும்போது இரண்டு பைகளும் அறுந்து நடைபாதையில் கொட்டும் காட்சி நினைவிருக்கிறதா? அதில் நகைச்சுவை ஒன்றும் பெரிதாக இல்லை. 8 வயதுப் பையன் பெரியவன் மாதிரி நடந்துகொள்ளப் பார்க்கிறான், உலகம் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. அவ்வளவுதான். ஆனால் அந்தக் காட்சி இருப்பதால்தான் கடைசி அரைமணி நேரம் நமக்கு வயிறு கலங்குகிறது.

இரண்டாவதில் கெவினிடம் பணம் இருக்கிறது, கார்டு இருக்கிறது, குரல் மாற்றும் கருவி இருக்கிறது. நீச்சல் குளம், பெரிய ஐஸ்கிரீம், பீட்சாவோடு நீளக் கார். குடும்பத்தை இழந்தவனாகவே தெரியவில்லை, விடுமுறைக்கு வந்தவன் மாதிரி இருக்கிறான். ஹோட்டலை விட்டு ஓடிய பிறகு இரவில் சென்ட்ரல் பார்க்கில் கொஞ்ச நேரம் கலங்குகிறான், அது ஒன்றுதான். இன்னொன்று, கல்கினின் வயது. முதல் படம் எடுத்தபோது அவருக்கு 9, இரண்டாவதில் 11. அந்த வயதில் இரண்டு வருஷம் பெரிய தூரம். முதலில் கேமராவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினால் தற்செயல் மாதிரி இருந்தது. இரண்டாவதில் தான் உலகப் புகழ் பெற்றவன் என்று அந்தப் புருவத்துக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, பொறிகள்? அதற்காகத்தானே எல்லோரும் பார்க்கிறார்கள்?

முதல் படத்தில் பொறிகள் வருவதே ஏறக்குறைய முக்கால் படம் ஓடிய பிறகுதான். 103 நிமிஷப் படம் அது. நம் நினைவில் மட்டும் படம் முழுக்கப் பொறியாக இருக்கிறது.

முதல் படத்துப் பொறிகளில் எனக்குப் பிடித்தது, எல்லாமே அந்த வீட்டுச் சாமான் என்பது. தண்ணீர் ஊற்றி உறைய வைத்த வாசற்படி. பழுக்கக் காய்ச்சிய கதவுக் குமிழ். அதில் இருந்த ‘எம்’ எழுத்து அப்படியே ஹேரியின் உள்ளங்கையில் பதியும். அழுக்குத் துணி போடும் குழாய் வழியாக விழும் இஸ்திரிப் பெட்டி. ஜன்னலுக்குக் கீழே கிறிஸ்துமஸ் மரத்துக் கண்ணாடி உருண்டைகள், மாடிப்படியில் கயிறு கட்டிய பெயிண்ட் டப்பா, தரையில் பொம்மைக் கார்கள், கடைசியில் பஸ் வளர்க்கும் சிலந்தி. வெறுங்காலோடு கண்ணாடி உருண்டைகள் மேல் மார்வ் இறங்கும் இடத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் காலை மடக்கிக்கொண்டோம். ஸ்டெர்ன் போட்டிருந்தது ரப்பர் பாதம். தெரிந்தும் மடக்கினோம். சிலந்தி மட்டும் நிஜம். அதை முகத்தில் விட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவதில் இடம், பழுது பார்த்துக்கொண்டிருக்கும் சித்தப்பாவின் காலி வீடு. கட்டுமானச் சாமான்கள் கிடக்கின்றன. கெவின் அங்கே பொறி வைத்துவிட்டு, திருடர்களை வலிய இழுத்துவந்து உள்ளே தள்ளுகிறான். முதலில் வந்தவர்களைத் தடுத்தான், இதில் தண்டிக்கிறான். இந்த ஒரு மாற்றம் எல்லாவற்றையும் வேறாக்கிவிடுகிறது.

செங்கல் காட்சியை எடுத்துக்கொள்வோம். கெவின் மொட்டைமாடியில். கீழே தெருவில் மார்வ் அண்ணாந்து பார்க்கிறான். முதல் செங்கல் நெற்றியில் விழுகிறது. சிரிப்பு. இரண்டாவதும் அதே நெற்றியில். சிரிப்பு. மூன்றாவது வந்தபோது அண்ணன் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான்காவதில், “செத்துட்டாரா?” என்று கேட்டாள். இஸ்திரிப் பெட்டிக்கு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இத்தனைக்கும் இஸ்திரிப் பெட்டி ஒன்றும் பூப்போல விழவில்லை. ஆனால் அங்கே பையன் அந்த இடத்திலேயே இல்லை, பொறிதான் அடித்தது. இங்கே ஒரு சிறுவன் குறி பார்த்துக் கல் எறிகிறான், கீழே இருப்பவன் கெஞ்சுகிறான். தலையில் தீப்பிடித்த ஹேரி, மண்ணெண்ணெய் இருக்கும் கழிவறைக் கோப்பைக்குள் தலையை விடும் காட்சியும் இதே கணக்கில்தான் சேரும்.

நியாயமாகச் சொன்னால் இரண்டு இடங்கள் அருமை. குழாயைத் தொட்டதும் மார்வுக்கு மின்சாரம் பாய்ந்து எலும்புக்கூடாகத் தெரியும் இடம். ஸ்டெர்னின் அந்தக் கூச்சலுக்கு இன்றைக்கும் கூசாமல் சிரிக்கலாம். இன்னொன்று பெயிண்ட் டப்பா. “போனமுறை மாதிரி டப்பா வரும்” என்று ஹேரியும் மார்வும் முன்கூட்டியே குனிந்து தப்பித்து, அடிபட்ட மாதிரி சத்தமும் கொடுத்துக் கெவினை ஏமாற்றப் பார்க்கிறார்கள். நிமிர்ந்ததும் அதே கயிற்றில் பெரிய இரும்புக் குழாய் வருகிறது. முதல் படத்தை நாம் பார்த்திருக்கிறோம் என்பதையே நகைச்சுவையாக்கிய இடம் அது ஒன்றுதான். படம் முழுக்க இப்படி எழுதியிருக்கலாம்.

அடி வாங்கியது பெரும்பாலும் டிராய் பிரவுனும் லியான் டெலானியும். முறையே பெஷிக்கும் ஸ்டெர்னுக்கும் டூப் போட்ட சண்டைக் கலைஞர்கள். அந்த விழுதல்களில் கணினி வித்தை எதுவும் கிடையாது. பனிப் படியில் கால் வழுக்கி மல்லாந்து விழுவது நிஜமாகவே ஒரு மனிதர் விழுவது.

திருடர்களில் யார் சிறப்பு?

மார்வ். இரண்டு படத்திலும். ஆனால் ஹேரி இல்லாமல் மார்வ் இல்லை. ஜோ பெஷி அதே 1990-ல்தான் ‘குட்ஃபெல்லாஸ்’ படத்தில் பார்ப்பவர் நடுங்கும் ரவுடியாக வந்து, அதற்கு ஆஸ்கரும் வாங்கினார். இங்கே குழந்தைகள் படம் என்பதால் கெட்ட வார்த்தை பேச முடியாது. அதனால் வாய்க்குள்ளேயே எதையோ மென்று முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பைக் கவனியுங்கள், வசனத்தைவிடச் சுவை.

இரண்டாம் பாகம் முதல் பாகத்தை ஜெயிக்கும் இடமே இல்லையா?

இருக்கிறது. பிளாசா ஹோட்டல் பகுதி. அதற்குக் காரணம் டிம் கரி. ஹோட்டலில் விருந்தினர்களைக் கவனிக்கும் ஹெக்டர் என்ற அதிகாரியாக வருகிறார். பல்லைக் காட்டிச் சிரிப்பார், கண் மட்டும் சிரிக்காது. கெவின் அறையில் கிறிஸ்துமஸைத் திருடும் பச்சைப் பூதத்தின் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பூதத்தின் கோணல் சிரிப்பு திரை முழுக்க விரிய, அப்படியே ஹெக்டரின் சிரிப்பாக மாறும். இரண்டு சிரிப்பும் ஒன்றே. படத்தில் இதைவிட நல்ல வெட்டு இல்லை.

அப்புறம் அந்தக் குண்டர் படக் காட்சி. கார்டு திருட்டுக் கார்டு என்று கண்டுபிடித்து ஹெக்டர் படையோடு அறைக்குள் நுழைகிறார். உள்ளே தொலைக்காட்சிக் குண்டர் துப்பாக்கியை நீட்டி, மண்டியிடு, என்னை நேசிப்பதாகச் சொல் என்று அதட்டுகிறார். டை கட்டிய ஹோட்டல் ஊழியர்கள் வரிசையாகக் கம்பளத்தில் மண்டியிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஆளிடம் அன்பைச் சொல்கிறார்கள். முதல் படத்தில் இதே தந்திரம் பீட்சா கொண்டுவரும் பையனையும் மார்வையும் ஓட விட்டது. ஆனால் கௌரவம் பார்க்கும் பெரிய மனிதர்கள் மண்டியிடும்போது வருகிற சிரிப்பு வேறு ரகம்.

டிப்ஸுக்கு ஓயாமல் கை நீட்டும் ராப் ஷ்னைடர், எதற்கும் மசியாத வரவேற்பு மேஜைப் பெண்மணியாக டானா ஐவி. இந்த மூவரும் சேர்ந்து ஹேரி, மார்வைவிட நல்ல எதிரிகள். திருடர்களே இல்லாமல் ஹோட்டலிலேயே மொத்தக் கதையையும் நடத்தியிருந்தால் இது தனிப் படமாக நின்றிருக்கும் என்பது என் கட்சி. அண்ணனுக்கு ஒப்புதல் இல்லை.

அம்மா கதாபாத்திரம் எப்படி?

சின்ன வயதில் பார்த்தபோது அம்மா வரும் காட்சியெல்லாம் எப்போது முடியும் என்று இருக்கும். இப்போது முதல் படத்தை அவளுக்காகவே பார்க்கலாம் போல இருக்கிறது.

பாரிஸிலிருந்து வின்னெட்கா போலீஸுக்குப் போன் போடுகிறாள். இந்தப் பிரிவிலிருந்து அந்தப் பிரிவுக்கு மாற்றிவிடுகிறார்கள். கடைசியில் ஒரு போலீஸ்காரர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். கெவின் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிகிறான். யாரும் இல்லை, பிள்ளைகளை மறுபடி எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று போய்விடுகிறார். விமான நிலையத்தில் ஒரு வயதான தம்பதியிடம் டிக்கெட்டுக்காக 500 டாலர், கைக்கடிகாரம், காதுத் தோடு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுக்கிறாள். டல்லஸ் போய், அங்கிருந்து ஸ்க்ராண்டன் போய், அதற்குமேல் வழியில்லாமல் கவுண்டரில் வெடிக்கிறாள். பிறகு போல்கா இசைக்குழுவோடு வேனில் ஏறுகிறாள்.

அந்தக் குழுத் தலைவர் ஜான் கேண்டி. ஒரே நாள் படப்பிடிப்பு, நிறைய வசனம் அவர் அங்கேயே சொந்தமாகப் பேசியது. அம்மாவை ஆறுதல்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, தன் பிள்ளையைப் பிணம் வைத்திருந்த இடத்தில் ஒருமுறை மறந்து விட்டுவந்த கதையைச் சொல்வார். ஓஹாராவின் முகம் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நிற்கும். இரண்டாம் பாகத்தில் இந்தப் பயணம் கிடையாது. கார்டை வைத்துப் போலீஸ் இடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது, எல்லோரும் விமானத்தில் வந்துவிடுகிறார்கள். அவள் ராக்கஃபெல்லர் மையத்து மரத்தடியில் மகனைக் கண்டுபிடிக்கும் காட்சி அழகுதான். ஆனால் அவள் எதையும் விற்று வரவில்லை.

2023 டிசம்பரில் ஹாலிவுட் நடைபாதையில் கல்கினுக்கு நட்சத்திரம் பதித்தபோது ஓஹாரா வந்து பேசினார்.

மார்லி தாத்தாவா, புறாக்காரப் பெண்மணியா?

பிரெண்டா ஃப்ரிக்கர் ஆஸ்கர் வாங்கிய நடிகை. குறை சொல்ல இடமே வைக்கவில்லை. கார்னகி ஹால் பரணில் உட்கார்ந்து கீழே நடக்கும் கச்சேரியைக் கேட்டபடி இருவரும் பேசுவார்கள். கெவின் தன் ரோலர் ஸ்கேட்ஸ் கதையைச் சொல்வான்: கெட்டுப்போய்விடுமே என்று போடாமலே பெட்டியில் வைத்திருந்தான், எடுத்தபோது கால் வளர்ந்துவிட்டது. மனசும் அப்படித்தான் என்று முடிப்பான். நல்ல உவமை. ஆனால் 10 வயதுப் பையன் பேசுகிற மாதிரி இல்லை, எழுத்தாளர் பேசுகிற மாதிரி இருக்கிறது.

முதல் படத்துச் சர்ச் காட்சியில் ராபர்ட்ஸ் பிளாசம் மகனோடு பேச்சுவார்த்தை இல்லாத தாத்தா. பேத்தி பாடுவதை ஒளிந்து கேட்க வந்திருக்கிறார். போன் செய்ய வேண்டியதுதானே என்கிறான் கெவின். அவன் எடுக்காவிட்டால் என்ற பயம் என்கிறார். நானும் வீட்டு அடித்தளத்துக்குப் பயந்தேன், விளக்கைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை என்கிறான். அவனவன் பயத்தை அவனவன் சொல்கிறான், யாரும் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. என் ஓட்டு மார்லிக்கு.

டிரம்ப் உண்மையிலேயே வருகிறாரா?

வருகிறார். பிளாசாவின் நடைக்கூடத்தில் கெவின் வழி கேட்க, கை காட்டிவிட்டுப் போவார். சில நொடிகள். 1988-ல் அந்த ஹோட்டலை வாங்கியிருந்தவர் அப்போது அவர்தான். தன்னைப் படத்தில் காட்டினால்தான் படமெடுக்க விடுவேன் என்றார் என்று கொலம்பஸ் 2020-ல் சொன்னார். இல்லை, அவர்கள்தான் கெஞ்சினார்கள் என்று டிரம்ப் 2023-ல் மறுத்தார். கனடாவின் சிபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பில் அந்தத் துண்டு இல்லை என்று 2019-ல் சர்ச்சை கிளம்பியது. விளம்பர நேரத்துக்காக 2014-லேயே வெட்டியது என்று அவர்கள் விளக்கினார்கள். எங்கள் வீட்டில் அண்ணன் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி காட்டினான். அவன் மகளுக்கு அதில் துளிகூட ஆர்வமில்லை.

வீடு, ஹோட்டல், பொம்மைக் கடை எல்லாம் நிஜமா?

வீடு நிஜம், வின்னெட்காவில் இருக்கிறது. ஆனால் உள்ளே நடக்கும் பெரும்பாலான காட்சிகள் மூடிக்கிடந்த ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் போட்ட செட். தண்ணீர் நிரம்பிய அடித்தளக் காட்சியை அந்தப் பள்ளியின் நீச்சல் குளத்தில் எடுத்தார்கள். செட்டில் சுவர், திரைச்சீலை, சாப்பாட்டு மேஜை எங்கு பார்த்தாலும் சிவப்பும் பச்சையும். ஒருதடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் வேறெதுவும் தெரியாது.

பிளாசா நிஜம். டங்கன் பொம்மைக் கடை கற்பனை. வெளிப்புறத்துக்குக் காட்டியது சிகாகோவின் ரூக்கரி கட்டடம். நியூயார்க் படம் என்று சொல்லிவிட்டுப் பாதியைச் சிகாகோவில்தான் எடுத்திருக்கிறார்கள். உலக வர்த்தக மையத்தின் உச்சியில் கெவின் நின்று ஊரைப் பார்க்கும் காட்சி நிஜ இடம். அது வரும்போது அறையில் யாரும் ஒன்றும் பேசவில்லை.

அந்தக் குரல் மாற்றும் ரெக்கார்டர் கடையில் கிடைத்ததா?

டாக்பாய். படத்துக்காகவே உருவானது. டைகர் நிறுவனம் விற்பனைக்கும் கொண்டுவந்தது. ஆனால் முதலில் வந்ததில் குரலை மெதுவாக்கும் வசதி இல்லை, அதாவது படத்தில் கெவின் செய்யும் ஒரே முக்கியமான வேலை அதில் நடக்காது. 1993-ல் வந்த அடுத்த வடிவத்தில் அந்த வசதி சேர்ந்தது.

வசூலில் எது பெரிது?

முதல் பாகம். உலக அளவில் சுமார் 47.6 கோடி டாலர். அமெரிக்காவில் தொடர்ந்து 12 வார இறுதிகள் முதலிடம். இரண்டாவது சுமார் 35.9 கோடி. முதல் படத்தை ஆரம்பித்தது வார்னர் பிரதர்ஸ். செலவு கைமீறுகிறது என்று அவர்கள் கைவிட, ஃபாக்ஸ் எடுத்துக்கொண்டது. 2023-ல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் முதல் பாகம் சேர்க்கப்பட்டது.

பாட்டு?

‘சம்வேர் இன் மை மெமரி’ முதல் பாகத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை வாங்கித் தந்தது. வரிகள் லெஸ்லி பிரிகஸ். இரண்டாவதிலும் அதே மெட்டு அங்கங்கே வந்து போகும். புதுப் பாட்டுகளும் உண்டு, காதில் நிற்கவில்லை.

இப்போது கைபேசி இருக்கிறது. இந்தக் கதை நடக்குமா?

முதல் பாகம் இரண்டே நிமிஷத்தில் முடிந்துவிடும். இரண்டாவது தொடங்கவே தொடங்காது. ஏறும் வாசலில் கெவின் மோதி, ஊழியர் கையில் இருந்த அட்டைகள் தரையெங்கும் சிதற, சரி போ என்று பையனை உள்ளே விடுகிறார்கள். 2001-க்கு முந்தைய விமான நிலையம் அது. அண்ணன் மகள் இதை நம்பவே இல்லை. பாலைத் துடைத்த காகிதங்களோடு சேர்ந்து முதல் படத்தில் டிக்கெட் குப்பைக்குப் போவதும் அவளுக்கு விளங்கவில்லை: “போன்ல இருக்குமே?”

சின்னப் பிள்ளைகளோடு பார்க்கலாமா?

6, 7 வயதுக்குமேல் தைரியமாகக் காட்டலாம். முதல் படத்தில் உலையும் மார்லியும் கொஞ்சம் பயமுறுத்தும். இரண்டாவதில் இரவு நேரத் தெருக் காட்சிகள். எலும்புக்கூட்டுக்குச் சிரித்துவிடுவார்கள். கூடவே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: மாடியிலிருந்து எதையும் எறியக் கூடாது. நாங்கள் சொல்ல மறந்துவிட்டோம். மறுநாள் அண்ணன் தலையில் தலையணை விழுந்தது.

3, 4, 5 எல்லாம்?

1997-ல் வந்த மூன்றாவதில் வேறு பையன், வேறு கும்பல். ஹியூஸ் எழுதியது, பார்க்கலாம். மற்றவை வேண்டாம்.

கவனிக்கத் தவறக்கூடாத சின்ன விஷயம் ஏதாவது?

இரவில் படுக்கையை நனைக்கும் ஃபுல்லர் என்ற கண்ணாடி போட்ட குட்டிப் பையன். மெக்காலேயின் நிஜத் தம்பி கீரன் கல்கின் அவர். முதல் படத்தில் பெப்சியும் இரண்டாவதில் கோக்கும் குடித்துவிட்டுக் குறும்பாகச் சிரிப்பார். 2025-ல் துணை நடிகருக்கான ஆஸ்கர் அவருக்குத்தான் போனது.

இரண்டையும் பார்க்க நேரமில்லை. ஒன்றுதான் என்றால்?

முதல் பாகம். இரண்டாவதைப் பார்த்தே தீர வேண்டும் என்றால், அது 120 நிமிஷம், எல்லாவற்றுக்கும் உட்கார வேண்டாம். பள்ளி நிகழ்ச்சிச் சண்டை முடிந்ததும் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொள்ளுங்கள். அவன் விமானம் மாறும் நேரத்துக்குத் திரும்பிவிடுங்கள். ஹோட்டலைச் சிந்தாமல் பாருங்கள். செங்கல் வரும்போது பாத்திரம் கழுவலாம். பெயிண்ட் டப்பாவுக்கு மறுபடி வந்துவிடுங்கள். கடைசியில், அறைக்கு வரவழைத்த சாப்பாட்டுக்கு 967 டாலர் பில் பார்த்துவிட்டு அப்பா போடும் சத்தம் இருக்கிறதே, அதற்குக் கட்டாயம் அறையில் இருங்கள். எங்கள் வீட்டில் அந்த இரவில் சத்தமாகச் சிரித்தது அண்ணிதான்.